அரசிகள் வெட்டுப்பட்டால் ஆட்டம் முடிந்ததா?



பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றில் சதுரங்கம் இன்று விருப்பமான புறப்பாட நடவடிக்கையாக வளர்ந்திருக்கின்றது. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், போட்டிக்குப் புறப்படும் பிள்ளைகளிடம் நம்மவர்கள் சொல்லி அனுப்பும் ஓர் அறிவுரை மட்டும் நெஞ்சை உறுத்துகின்றது.

"அரசிகள் இரண்டும் வெட்டுப்பட்டுவிட்டால் சமன் கேள். எதிராளி ஒப்புக்கொண்டால் கைகொடுத்துவிட்டு எழுந்து வா. அரைப் புள்ளி கைக்கு வரும்."

பயிற்றுநர் சிலர் இதைச் சொல்கின்றனர். பெற்றோர் பலர் இதை ஆதரிக்கின்றனர். பிள்ளையும் அப்படியே நம்பிவிடுகின்றது. அரசி இருக்கும்வரைதான் ஆட்டம். அரசி போனபின் எஞ்சியிருப்பது வெறும் கட்டைகளை நகர்த்தும் சலிப்பான வேலை என்ற எண்ணம் பத்து வயதிலேயே அதன் மனத்தில் பதிந்துவிடுகின்றது.

இந்த அறிவுரை சதுரங்க அறிவின்படி தவறு. கல்விநெறியின்படி அதைவிடப் பெருந்தவறு. இதை மெய்ப்பிக்க நான் எங்கோ தேடிப் போகவேண்டியதில்லை. நம் அண்டை நாடான சிங்கப்பூரில், சென்னையில் பிறந்து வளர்ந்த 18 வயது இளைஞர் ஒருவர் உலகின் கண்முன்னே அதை மெய்ப்பித்துக் காட்டிவிட்டார்.

பதினான்காவது ஆட்டம்

2024ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் தொடங்கிய உலக வாகையர் போட்டியில் சீனாவின் டிங் லிரெனும் இந்தியாவின் குகேஷும் மோதினர். 13 ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் ஆளுக்கு 6.5 புள்ளிகளுடன் நின்றனர். டிசம்பர் 12ஆம் நாள் கடைசி ஆட்டம். டிங்கிற்கு வெள்ளைக் காய்கள். அந்த ஆட்டமும் சமனில் முடிந்தால் மறுநாள் விரைவாட்டங்களால் பட்டம் முடிவாகும். விரைவாட்டத்தில் டிங்கின் கையே ஓங்கும் என்பது பலரது கணிப்பு. எனவே, டிங் சமனை நாடியதில் வியப்பில்லை.

29ஆம் நகர்த்தலில் டிங் தம் காலாள் ஒன்றைப் பி4 கட்டத்திற்குத் தள்ளி, அதை வேண்டுமென்றே பலி கொடுத்தார். குகேஷின் அரசி அதை வெட்டியது. உடனே 30ஆம் நகர்த்தலில் அரசிகள் இரண்டும் பலகையிலிருந்து நீங்கின. அடுத்த இரண்டு நகர்த்தல்களில் ஒரு சோடிக் கோட்டைகளும் நீங்கின. எஞ்சியவை: இருவருக்கும் ஆளுக்கொரு கோட்டை, ஆளுக்கொரு மந்திரி (பிஷப்பைத்தான் மந்திரி என்கிறேன்). குகேஷிடம் மூன்று காலாள்கள், டிங்கிடம் இரண்டு. எல்லாக் காலாள்களும் பலகையின் ஒரே பக்கத்தில்!

டிங்கின் கணக்கைக் குறைசொல்ல இயலாது. காலாள்கள் ஒரே பக்கத்தில் குவிந்திருக்கும்போது, ஒரு காலாள் குறைவாக உள்ளவரும் கவனமாக ஆடினால் தாக்குப்பிடிக்கலாம் என்பது அனைவரும் அறிந்த பாடம். 'ஒரு காலாளைக் கொடு, அரசிகளை நீக்கு, சமனை வாங்கு' என்பதே அவரது திட்டம். உலக வாகையர் ஒருவரே அப்படி எண்ணினார் என்றால், நம் பயிற்றுநர்கள் அதையே சொல்வதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

குகேஷ் கைகொடுத்துவிட்டு எழுந்து செல்லவில்லை. அடுத்த 25 நகர்த்தல்கள் அவர் அமர்ந்தே இருந்தார். பெருந்தாக்குதல் எதுவும் நிகழவில்லை. கோட்டையை இங்கொரு கட்டம் அங்கொரு கட்டம் நகர்த்தினார், காலாள்களை முன்தள்ளினார், அரசனை மெல்ல வெளியே கொண்டுவந்தார். நோக்கம் ஒன்றே: எதிராளி ஒவ்வொரு நகர்த்தலிலும் சரியான விடையைக் கண்டுபிடித்தாக வேண்டும். இதற்கிடையே ஒரு சோடிக் காலாள்கள் வெட்டுப்பட்டு, இரண்டுக்கு ஒன்று என்றானது.

53ஆம் நகர்த்தலில் டிங்கின் மந்திரி ஏ8 என்ற மூலைக் கட்டத்திற்குச் சென்றது. 54ஆம் நகர்த்தலில் குகேஷின் அரசன் இ5 கட்டத்திற்கு வந்து நின்றது. 55ஆம் நகர்த்தலில் டிங் தம் கோட்டையை எஃப்2 கட்டத்தில் வைத்து, கோட்டைகளை மாற்றிக்கொள்ள அழைத்தார். அங்கேதான் பட்டம் கைமாறியது.

குகேஷ் அக்கோட்டையை வெட்டினார். டிங்கின் அரசன் திருப்பி வெட்டியது. அடுத்து, குகேஷின் மந்திரி டி5 கட்டத்தில் வந்து நின்றது. மூலையில் இருந்த வெள்ளை மந்திரிக்குத் தப்ப வழியில்லை. அதற்கு இருந்தது ஒரே மூலைவிட்டப் பாதை. அப்பாதையைக் கறுப்பு மந்திரி மறித்துக்கொண்டது. எங்கு நகர்ந்தாலும் வெட்டுப்படும். வெட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. மந்திரிகளும் நீங்கின. பலகையில் எஞ்சியவை இரண்டு அரசர்களும் மூன்று காலாள்களும் மட்டுமே. 58ஆம் நகர்த்தலில் இரண்டு அரசர்களும் நடுவே ஒரு கட்டம் இடைவெளி விட்டு நேருக்கு நேர் நின்றனர். நகர வேண்டிய முறை வெள்ளைக்கு. வெள்ளை அரசன் ஒதுங்கியே ஆக வேண்டும். ஒதுங்கினால் கறுப்பு அரசன் உள்ளே புகும். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 7.5க்கு 6.5. காஸ்பரோவ் 1985ஆம் ஆண்டில் 22 வயதில் எட்டிய சிகரத்தைக் குகேஷ் 18 வயதில் எட்டினார்.

பரிசாம், பரிசு!

மறுகணமே தொடங்கியது ஏளனம். முன்னாள் உலக வாகையர் விளாதிமிர் கிராம்னிக், உலகப் பட்டம் ஒன்று இவ்வளவு குழந்தைத்தனமான ஒற்றை நகர்த்தல் பிழையால் முடிவானது இதற்கு முன் இல்லை என்ற பொருளில் எழுதினார். உருசியச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் ஆந்திரே ஃபிலாத்தொவ் ஒருபடி மேலே சென்று, டிங் வேண்டுமென்றே தோற்றதாக ஐயம் எழுப்பி விசாரணை கோரினார். நம்மூர்ப் புலனக் குழுக்களும் சளைக்கவில்லை. 'அதிர்ஷ்டக்காரப் பையன்' என்ற சொல்லை நானே பலமுறை படித்தேன்.

வரலாற்றை முதலில் பார்ப்போம். 1892ஆம் ஆண்டு ஹவானாவில் ஸ்டைனிட்ஸும் சிகோரினும் உலகப் பட்டத்திற்காக மோதினர். 23ஆவது ஆட்டத்தில் வென்றால் சிகோரின் வெற்றிக் கணக்கைச் சமன் செய்திருப்பார். வெல்லும் நிலையிலும் இருந்தார். 32ஆம் நகர்த்தலில், தம் அரசனைக் காத்து நின்ற மந்திரியை எடுத்து வேறிடத்தில் வைத்தார். இரண்டே நகர்த்தலில் அரசன் வீழும் நிலை! பட்டம் ஸ்டைனிட்ஸிடமே தங்கிவிட்டது. ஆக, இதற்கு முன் இல்லை என்பது உண்மையன்று.

இனி, 'பரிசு' என்ற வாதத்திற்கு வருவோம். 55ஆம் நகர்த்தல் பெரும்பிழையே. டிங் கோட்டைகளை மாற்ற அழைக்காமல் காத்திருந்தால் ஆட்டம் நீடித்திருக்கும். பெரும்பாலும் சமனில் முடிந்திருக்கும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால், அந்தப் பிழையைத் தண்டிக்க எது தேவைப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். கறுப்பு மந்திரி டி5 கட்டத்தில் அஞ்சாமல் நின்றதற்குக் காரணம், பக்கத்துக் கட்டமான இ5இல் அரசன் நின்று அதைக் காத்ததுதான். அந்த அரசன் அங்கே வந்தது அதற்கு முந்தைய நகர்த்தலில்! அவ்வரசன் எஃப்6 கட்டத்திலேயே நின்றிருந்தால், டி5இல் வந்த மந்திரியை வெள்ளை மந்திரி இலவசமாக வெட்டிக்கொண்டு போயிருக்கும். பரிசு கொடுக்கப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை வாங்கும் இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றவர் யார்?

இன்னொன்றும் உண்டு. டிங் கோட்டையை எஃப்2இல் வைத்தபோது, அது பிழை என்று தாம் உடனே உணரவில்லை என்றும், வேறொரு நகர்த்தலை ஆட இருந்ததாகவும் குகேஷே ஆட்டத்திற்குப் பின் வெளிப்படையாகச் சொன்னார். பிறகுதான் மூலையில் சிக்கிய மந்திரியைக் கண்டார். காலாள்கள் மட்டும் எஞ்சும் இறுதியாட்டம் வெற்றி என்று கணக்கிட்டார். அதாவது, அவர் நிறுத்திப் பார்த்தார். சிறு வயதிலிருந்தே இறுதியாட்டம் பயின்ற ஒருவருக்கே அந்தப் பார்வை வாய்க்கும். 'அரசிகள் போயின, அரைப் புள்ளி போதும்' என்று பயிற்றுவிக்கப்பட்ட பிள்ளை அந்த இருக்கையில் இருந்திருந்தால்? 55ஆம் நகர்த்தல் வருமுன்பே கைகொடுத்திருக்கும். பரிசை வாங்க ஆளே இருந்திருக்காது.

அன்று புகழ்ந்தவர்கள் இன்று இகழ்வது ஏன்?

2013ஆம் ஆண்டு சென்னையில் நடந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். நம் விசுவநாதன் ஆனந்தும் நோர்வேயின் மாக்னஸ் கார்ல்சனும் மோதிய உலக வாகையர் போட்டி அது. ஐந்தாவது ஆட்டத்திலும் ஆறாவது ஆட்டத்திலும் என்ன நடந்தது? அரசிகள் நீங்கின. சமனில் முடியக்கூடிய இறுதியாட்டங்கள் என்றே பலரும் கருதினர். கார்ல்சன் எழுந்து செல்லவில்லை. மணிக்கணக்காக அமர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தார். ஆனந்தின் கையிலிருந்து சிறு சிறு பிழைகள் வந்தன. ஒன்று 58 நகர்த்தல்களில் முடிந்தது. மற்றொன்று 67 நகர்த்தல்களில். இரண்டிலும் கார்ல்சனே வென்றார், 6.5க்கு 3.5 என்று பட்டத்தையும் கைப்பற்றினார்.

அன்று உலகம் என்ன சொன்னது? 'அசாத்தியப் பொறுமை', 'வற்றாத உடல்வலு', 'கல்லிலிருந்து தண்ணீர் பிழிபவர்'. எவரும் 'ஆனந்த் பரிசளித்தார்' என்று எழுதி ஆட்டத்தைச் சிறுமைப்படுத்தவில்லை. அதே முறையை, அதே பொறுமையை, பதினோராண்டுகள் கழித்துச் சென்னைப் பையன் கைக்கொண்டால் மட்டும் அதற்குப் பெயர் அதிர்ஷ்டமா? அந்தச் சென்னைப் போட்டியை ஏழு வயதுச் சிறுவனாகப் பார்வையாளர் பக்கத்தில் இருந்து பார்த்தவர் குகேஷ். கண்ணாடி அறைக்குள் தாமும் ஒருநாள் அமரவேண்டும் என்று எண்ணியதாக அவரே கூறியிருக்கிறார். அவர் அங்கே பார்த்த பாடம் எது என்பதைச் சிங்கப்பூரில் நாம் கண்டோம்.

பெரியவர்களும் அரசியில்லாப் பலகையில் தடுமாறுவர் என்பதற்கு இன்னுமொரு சான்று. 2014ஆம் ஆண்டு சோச்சியில் ஆனந்தும் கார்ல்சனும் மீண்டும் மோதினர். ஆறாவது ஆட்டத்தில் 9ஆம் நகர்த்தலிலேயே அரசிகள் நீங்கிவிட்டன. 26ஆம் நகர்த்தலில் கார்ல்சன் அரசனைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆனந்தின் குதிரை இ5 கட்டத்துக் காலாளை வெட்டியிருந்தால் ஆட்டமே தலைகீழாகி இருக்கும். ஆனந்த் அதைக் காணவில்லை, பிறகு தோற்றார். உலகின் முதல்நிலை ஆட்டக்காரர்கள் இருவர், அரசியில்லாத பலகையில், ஒரே இடத்தில் அடுத்தடுத்துப் பிழை செய்தனர். அங்கே ஆட்டம் முடிந்துவிட்டதா? ஆட்டமே அங்கேதான் இருந்தது!

எதிர்வாதங்களும் விடைகளும்

'பள்ளிப் போட்டியில் ஆளுக்கு 20 அல்லது 25 நிமிடமே கிடைக்கிறது. இறுதியாட்டம் வரை எங்கே போவது?' என்பர். நேரம் குறைவு என்பதே இறுதியாட்டத்தைக் கற்பிக்கத் தலையாய காரணம். கடிகாரத்தில் இரண்டு நிமிடம் எஞ்சியிருக்கையில், கோட்டையைக் கொண்டு அரசனை வீழ்த்தும் வழியைப் புதிதாகச் சிந்தித்துக் கண்டுபிடிக்க முடியுமா? கையே அறிந்திருக்க வேண்டும்.

'பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும்' என்பர். முப்பத்திரண்டு காய்களையும் பரப்பி வைத்துவிட்டு, பதினைந்து நகர்த்தல்களை மனப்பாடம் செய் என்பதைவிடவா சலிப்பு? இரண்டு அரசர்களையும் ஒரே ஒரு காலாளையும் பலகையில் வையுங்கள். 'இக்காலாளை எட்டாம் வரிசைக்குக் கொண்டு போய் அரசியாக்கு, பார்ப்போம்' என்று சவால் விடுங்கள். நான்காம் ஆண்டு மாணவர்கள் அரை மணி நேரம் தலைநிமிராமல் போராடுவதை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன்.

'தொடக்க ஆட்டப் பொறிகள் உடனடி வெற்றியைத் தருகின்றனவே' என்பர். தருகின்றன, எதிராளிக்கு அப்பொறி தெரியாத வரையில். மாவட்டப் போட்டியில் நான்கே நகர்த்தலில் வென்று கிண்ணம் வாங்கிய பிள்ளை, மாநிலப் போட்டியில் அதே பொறியை எதிராளி சிரித்துக்கொண்டே தவிர்த்தவுடன் விழிபிதுங்கி நிற்கும். அதன்பின் என்ன செய்வதென்று நாம் சொல்லித் தரவில்லையே! உலக வாகையராய் விளங்கிய கபபிளாங்கா 1921ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பாடநூலை எளிய இறுதியாட்டங்களிலிருந்துதான் தொடங்கினார். காய்கள் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு காயின் வலுவும் தெளிவாகத் தெரியும் என்பது எந்த ஆசிரியருக்கும் விளங்கக்கூடிய காரணமே. நாம் உயிரெழுத்தைக் கற்பித்த பின்தானே கட்டுரை எழுதச் சொல்கிறோம்?

பலகைக்கு அப்பால்

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கிண்ணமோ பதக்கமோ அன்று.

அரசி பலகையில் இருக்கும்வரை அரசன் காலாள்களின் பின்னே ஒளிந்து நிற்கும். அரசிகள் நீங்கிய பின்னரே அது வெளியே வந்து போரிடும். அப்போதுதான் கடைக்கோடிக் காலாளுக்கும் மதிப்புக் கூடும். நம் பிள்ளைகளின் வாழ்விலும் அரசி நீங்கும் காலம் ஒன்று வரத்தான் செய்கின்றது. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியரின் அரவணைப்பு; வீட்டுப்பாடத்தைச் செய்து கொடுக்கும் தாய்; டியூஷன். ஏழாம் ஆண்டில் இடைநிலைப்பள்ளி. சிலருக்கு முதலில் புகுமுக வகுப்பு. அங்கே மொழி வேறு, சூழல் வேறு, கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆளில்லை. ஒரு காலாள் குறைவாகவே பலர் தொடங்குகின்றனர். அந்த நிலையில், 'இனி ஒன்றும் இல்லை, கிடைத்ததை வாங்கிக்கொண்டு எழுந்து வா' என்பதா நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடமாக இருக்க வேண்டும்?

2021ஆம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டபோதும் இதே குரல்களைக் கேட்டோம். 'தேர்வே இல்லை, இனி எதற்காகப் படிப்பது?' என்று பெற்றோர் சிலர் கேட்டனர். ஆசிரியர் சிலரும் அமைதியாகத் தலையசைத்தனர். அரசி போனால் ஆட்டமே இல்லை என்ற அதே மனப்போக்கு! எளிதில் கண்ணுக்குத் தெரியும் பெரிய காய் ஒன்று பலகையிலிருந்து நீங்கியது, அவ்வளவே. எஞ்சிய காய்களைக் கொண்டு நன்றாக ஆடக் கற்பிப்பதே நம் தொழில்.

நாம் செய்யக்கூடியது

பெருஞ்செலவு எதுவும் வேண்டா. ஒரு பலகையும் சில காய்களும் போதும். சதுரங்கக் கழகத்தின் முதல் பருவத்தில் இவ்வைந்தை மட்டும் கற்பிப்போம்:

1. அரசியைக் கொண்டு தனித்த அரசனை வீழ்த்துதல்.
2. கோட்டையைக் கொண்டு தனித்த அரசனை வீழ்த்துதல்.
3. அரசர்கள் நேருக்கு நேர் நிற்கும் நிலையில், நகர வேண்டியவர் ஏன் இடத்தை இழக்கிறார் என்பது. (டிங் தோல்வியை ஒப்புக்கொண்டது இந்நிலையில்தான்!)
4. ஓடும் காலாளை அரசன் எட்டிப் பிடிக்குமா எனக் கட்டங்களை எண்ணிக் கணித்தல்.
5. எந்தக் காயை எப்போது மாற்றிக்கொள்ளலாம், எப்போது மாற்றக்கூடாது என ஆராய்தல். இதற்குப் பதினான்காவது ஆட்டத்தின் 53 முதல் 58 வரையிலான நகர்த்தல்களே போதிய பாடம்.

இத்துடன் பள்ளிக்குள் நடக்கும் ஆட்டங்களில் ஒரு விதியும் வைப்போம்: பலகையில் வெல்லப் போதிய காய் இருக்கும்வரை சமன் கேட்பதில்லை.

பெற்றோர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் "வென்றாயா, தோற்றாயா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "அரசிகள் போனபின் எத்தனை நகர்த்தல் ஆடினாய்?" என்றும் கேளுங்கள். அக்கேள்வியை நீங்கள் தொடர்ந்து கேட்டால், பயிற்றுநரும் அதற்கேற்பத் தம் பாடத்தை மாற்றிக்கொள்வார்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது நம் பழமொழி. அரசிகள் நீங்கிய பலகையின்முன் மேலும் 28 நகர்த்தல்கள் பொறுத்திருந்தார் ஒருவர். உலகப் பட்டத்தை ஆண்டார். நம் பிள்ளைகளை இருக்கையிலிருந்து எழுப்பிவிடும் அறிவுரையை இன்றோடு நிறுத்துவோம்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியன்,
பினாங்கு.